காய்கறி டம்ப்ளிங் ஏன் பிய்ந்துபோகிறது? மிஞ்சிய வான்டன் உறையில் என்ன இனிப்பு செய்யலாம்?

முட்டைக்கோஸ், கேரட், டோஃபு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, சோயா சாஸ் விட்டுக் கலந்து, கடையில் வாங்கிய வான்டன் உறையில், அதாவது மெல்லிய சதுர மாவுத் தாளில், மடித்து ஆவியில் வைத்தீர்கள். பாதி பிய்ந்துவிட்டது, மீதி தட்டோடு ஒட்டிக்கொண்டது, பிழைத்ததைக் கடித்தால் உள்ளே சொதசொதவென்று தண்ணீர். இறைச்சி வைத்துச் செய்யும் உங்கள் தோழிக்கு இப்படி ஆவதே இல்லை. ஆகவே நல்ல சைவச் செய்முறை ஒன்று வேண்டும், மிஞ்சிய உறையில் சுலபமான இனிப்பு ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பூரணப் பொருள் பட்டியலில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, தோழியின் டம்ப்ளிங்கில் அது ஏன் வரவில்லை என்பதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி. அது விளங்கிவிட்டால் எந்தக் காயை வைத்தும் செய்துவிடலாம். 16 ஆண்டுகளாகச் சமையலறையில் மாவு பிசைவதும் டம்ப்ளிங் மடிப்பதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இறைச்சியில் உப்புப் போட்டு ஒரே திசையில் கிளறினால் அதன் புரதம் பசைபோல் ஆகிவிடும். வெளியேறும் நீரையும் கொழுப்பையும் அது பிடித்து வைத்துக்கொண்டு, வேகும்போது ஒரே உருண்டையாக இறுகும். காய்கறிக்கு அந்தப் பசை கிடையாது. சீன நாப்பா முட்டைக்கோஸில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர், சாதாரண முட்டைக்கோஸில் 92 சதவீதம். நறுக்கும்போது செல்கள் உடைகின்றன, உப்போ சோயா சாஸோ பட்டவுடன் உள்ளிருக்கும் நீர் வெளியே வரத் தொடங்குகிறது. பூரணத்தைக் கலந்துவிட்டு மடிக்க உட்கார்ந்தால் முதல் பத்து நன்றாக வரும், கடைசிப் பத்து வழுக்கும், கிண்ணத்தின் அடியில் பழுப்பு நீர் தேங்கியிருக்கும். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நீர் உறையை ஊறவைக்கிறது. அடுப்பில் சூடேறி ஆவியாகும்போது, ஊறி மெலிந்த இடம் எதுவோ அந்த வழியாக வெளியேறுகிறது. பிய்ந்ததும் ஒட்டியதும் சொதசொதத்ததும் மூன்று தனித்தனித் தவறுகள் போலத் தெரிந்தாலும் முதன்மையான மூலம் ஒன்றுதான்.

எனவே நீரை நீங்களே முதலில் வரவழைத்து வெளியேற்றிவிட வேண்டும். ஏறக்குறைய 40 டம்ப்ளிங்குக்கு 400 கிராம் முட்டைக்கோஸ் போதும். அரிசியளவுக்குப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசிறி, 20 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு சுத்தமான மெல்லிய துணியில் கொட்டி, முடிந்து, முறுக்கிப் பிழியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கையால் அழுத்தி முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் நான் பிழிந்ததைத் துணியில் வாரிப் போட்டு, முடிச்சை எஃகுத் தொட்டியின் மேல் பிடித்து இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார். குழாய் திறந்ததுபோல் ஒரு கோடு நீர் விழுந்தது, அப்புறம் சொட்டு, அப்புறம் நின்றது. சொட்டு நிற்கும்வரை முறுக்க வேண்டும் என்று அன்று கற்றேன், இன்றுவரை அதை மாற்றவில்லை. 400 கிராமுக்கு அரை டம்ளர் நீராவது வரும். அவ்வளவும் உங்கள் உறைக்குள் போயிருக்க வேண்டியது. பிழிந்த காயில் கொஞ்சம் உப்பு தங்கியிருக்கும், அதனால் பின்னால் சோயா சாஸ் சேர்க்கும்போது கையை இழுத்துப் பிடியுங்கள்.

டோஃபு கெட்டியான வகையாக இருக்க வேண்டும், மென்மையான சில்க் வகை இதற்கு ஆகாது. 200 கிராம் துண்டைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரத்தை 20 நிமிடம் வைத்து, உதிர்த்து, கொஞ்சம் எண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். சுவைக்குக் காய்ந்த ஷிடாகே காளானைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. இறைச்சி இல்லாத குறையைத் தீர்ப்பது இதுதான், ஏனென்றால் காளானை உலர்த்தி மறுபடி ஊறவைத்து வேகவைக்கும்போது குவானிலேட் என்ற சுவைப்பொருள் நன்றாக உருவாகிறது. சோயா சாஸில் உள்ள குளுட்டமேட்டோடு அது சேரும்போது இரண்டின் சுவையும் பல மடங்கு தூக்கலாகத் தெரியும். ஆறு காளானைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, தண்டை நீக்கி, பொடியாக நறுக்கி வதக்குங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதைக் காளானோடு சேர்த்தே ஊற்றிச் சுண்டவிட்டால் நீர் போய்விடும், ருசி தங்கிவிடும்.

இதோடு 40 கிராம் கண்ணாடி நூடுல்ஸ். பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த, வெந்ததும் கண்ணாடிபோல் தெரியும் அந்த மெல்லிய வகை. வெதுவெதுப்பான நீரில் வளையும் அளவுக்கு மட்டும் ஊறவைத்து, முழுதாக வேகும் முன்பே எடுத்து நறுக்கிப் போடுங்கள். அது இன்னும் தாகத்தோடு இருக்கும். நீங்கள் என்ன பிழிந்தாலும் கடைசியில் கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும், அதை இது குடித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. சிறிய கேரட் ஒன்றைத் துருவி வதக்கிச் சேர்க்கலாம். இஞ்சித் துருவல், வெள்ளை மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய், இரண்டு தேக்கரண்டி சோளமாவு. வறுக்காத எள்ளின் எண்ணெயில் அந்த மணம் கிடைக்காது. எல்லாம் நன்றாக ஆறிய பிறகு கலந்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாக இருக்கலாம், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. இதில் பச்சை இறைச்சியோ பச்சை முட்டையோ இல்லை என்பதால் உப்பு, காரத்தை நாக்கில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பூண்டு, வெங்காயத்தாள் சேர்ப்பது உங்கள் விருப்பம். சீனத்துப் பௌத்த மடங்களின் சைவச் சமையலில் இவை இரண்டையும் சேர்ப்பதில்லை, ஆனாலும் காளானும் இஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து குறையில்லாமல் தாங்குகின்றன. முட்டை சாப்பிடுபவர் என்றால், வட சீனாவில் வழக்கமான, பூண்டு மணமுள்ள தட்டை இலைச் சீன வெங்காயத்தாளும் முட்டையும் சேர்ந்த பூரணத்தையும் ஒருமுறை செய்து பாருங்கள். முட்டையைப் பொடிப்பொடியாகப் பொரித்து ஆறவைத்து, நறுக்கிய தாளில் முதலில் எண்ணெய் பிசிறி, உப்பை மடிக்கும் நேரத்தில் கடைசியாகப் போடுவார்கள். எண்ணெய்ப் பூச்சு நீர் கசிவதைத் தள்ளிப்போடும், நிறுத்திவிடாது. எனவே கலந்ததும் மடித்துவிட வேண்டும்.

உறைக்கு வருவோம். வான்டன் உறை சதுரமானது, பொதுவாக 9 சென்டிமீட்டர் பக்கம், மிக மெல்லியது. சூப்பில் வேகவைக்கவும் எண்ணெயில் பொரிக்கவும் ஏற்றது. ஜியாவ்ஸி எனப்படும் டம்ப்ளிங்கின் உறை வட்டமானது, கொஞ்சம் தடிமன். ஆவியில் வேகும் ஷூமாய்க்கும் மெல்லிய உறைதானே என்று கேட்கலாம். ஷூமாய் மேலே திறந்திருக்கும், உள்ளே எழும் ஆவி அந்த வழியாகப் போய்விடும். நாலா பக்கமும் மூடிய ஈரப் பூரணத்தை அதே உறை ஆவியில் தாங்குவது கடினம். இன்னொன்று, வான்டன் உறை பலவற்றில் முட்டை சேர்த்திருப்பார்கள். மஞ்சள் நிறம் மாவில் சேர்க்கும் காரநீராலும் (காரத்தன்மையுள்ள உப்புக் கரைசல்) வரும், முட்டையாலும் வரும், பார்த்துச் சொல்ல முடியாது. முட்டை சாப்பிடாதவர் என்றால் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே உறை செய்ய 300 கிராம் மைதா, கால் தேக்கரண்டி உப்பு. வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் 150 மி.லி. குளிர்ந்த நீர். குளிர்ந்த நீரில் குளூட்டன் என்ற, மாவுக்கு இழுவை தரும் புரதம் நன்றாக உருவாகி, கொதிநீரில் புரண்டாலும் கிழியாத இழுவை வரும். ஆவியிலோ வாணலியிலோ செய்யப் போகிறீர்கள் என்றால் கொதித்து இறக்கிய நீர், 165 மி.லி. வரை இழுக்கும். சூடான நீரில் மாவுச்சத்து பாதி வெந்து அதிக நீரைப் பிடித்துக்கொள்ளும், குளூட்டன் குறையும். அதனால் மாவு பின்வாங்காமல் மெல்லியதாகத் தேயும், வெந்த பிறகும் மென்மையாக இருக்கும். நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையுங்கள். இந்த அளவுகள் தொடக்கத்துக்குத்தான். ஒரு பை மைதா குடிக்கும் அளவு நீரை இன்னொரு பை குடிக்காது, ஆகவே கடைசி இரண்டு கரண்டி நீரைக் கையில் வைத்துக்கொண்டு, மாவைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். காது மடலின் நுனியைப் பிடித்தால் எப்படி இருக்கிறதோ அந்தப் பதம். மூடி 30 நிமிடம் விட்ட பிறகுதான் தேய்க்க வேண்டும், இதைச் சுருக்காதீர்கள்.

11 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, இடது கையால் வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே வலது கையால் சின்ன உருளையை ஓரத்திலிருந்து நடுவரை மட்டும் ஓட்டுங்கள். நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் வரும். மடிக்கும்போது ஓரம் இரட்டிப்பாகும், அடியில் பூரணத்தின் கனம் நிற்கும், இரண்டுக்கும் இதுதான் ஈடு. ஓர் உறைக்கு 15 கிராம் பூரணம், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் காலி. ஓரத்தில் எண்ணெயோ பூரணமோ பட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடம் ஒட்டாது, வெந்நீரில் முதலில் திறப்பது அதுதான். கடை உறையில் மாவு தூவியிருப்பதால் விரலில் நீர் தொட்டுத் தடவுங்கள், புதிதாகத் தேய்த்ததற்குத் தேவையில்லை. பூரணத்தை ஒட்டி அழுத்திக்கொண்டு வந்து காற்றை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக ஓரத்தை மூடுங்கள். கொசுவம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள், அது அழகுக்கு. அரைவட்டமாக இறுக்கி ஒட்டினாலே போதும்.

ஆவியில் வைக்கும்போது தட்டில் முட்டைக்கோஸ் இலையோ துளையிட்ட பேக்கிங் காகிதமோ விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் இரண்டு விரல் இடைவெளியில் அடுக்குங்கள். நீர் கொதித்த பிறகு வைத்து 10 நிமிடம். வெளியே எடுத்ததும் ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். வெந்த மாவுச்சத்து சூட்டில் பசை, ஆறத் தொடங்கினால் தானே விட்டுவிடும். உங்களுடையது தட்டில் ஒட்டியதற்குப் பாதிக் காரணம் இந்த அவசரமாகவும் இருக்கலாம். வாணலியில் செய்வதற்குச் சீன மொழியில் குவோத்தியே என்று பெயர், சட்டியில் ஒட்டியது என்று பொருள். எண்ணெய் விட்டு அடி பொன்னிறமாகும்வரை இரண்டு நிமிடம், பிறகு டம்ப்ளிங்கின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நீர், உடனே மூடி, ஆறேழு நிமிடம். நீர் வற்றிச் சடசடப்பு மாறியதும் திறந்து இன்னொரு நிமிடம் முறுகவிடுங்கள். நீர் ஊற்றும் கணத்தில் எண்ணெய் கடுமையாகத் தெறிக்கும், மூடியை மறுகையில் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். எனக்குக் கேட்டால், காய்கறிப் பூரணத்துக்கு இந்த முறைதான் மிகவும் பொருந்தும். உள்ளே கடிக்க இறைச்சி இல்லாதபோது அடியில் அந்த மொறுமொறுப்பு தேவைப்படுகிறது.

இதுவரை சொன்னவை கையில் ஆயிரக்கணக்கான முறை நின்றவை. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லாத சிலவும் உண்டு. கொதிக்கும் டம்ப்ளிங்கில் மூன்று முறை குளிர்ந்த நீர் விட வேண்டும் என்பது பழைய சீன வழக்கம். கொதியை அடக்கி உறை அடிபடாமல் காப்பது அதன் பயன். அடுப்பைக் குறைத்தும் அதையே செய்யலாம், எனக்கு விளைவில் வேறுபாடு தெரிந்ததில்லை. வேகும் நீரில் உப்புப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது என்பார்கள். டம்ப்ளிங்கைப் போட்ட முதல் நிமிடம் கரண்டியின் பின்பக்கத்தால் அடியிலிருந்து மெல்லத் தள்ளிவிடுவதுதான் உண்மையில் ஒட்டாமல் காப்பது என்பது என் அனுபவம். ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், குளிரில் காது புண்ணானவர்களுக்குக் காது வடிவில் செய்து கொடுத்ததுதான் முதல் டம்ப்ளிங் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அது கதை. வடமேற்குச் சீனாவின் துர்பான் அருகே அஸ்தானா கல்லறைகளில் டாங் காலத்து, அதாவது கி.பி. 618 முதல் 907 வரையிலான காலத்து, டம்ப்ளிங் வடிவம் குலையாமல் கிடைத்தது அகழாய்வுச் செய்தி. பாலைவனத்தின் வறட்சி மாவை ஆயிரம் ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறது. குளூட்டன் இல்லாத மாவில் செய்யும் உறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குக் கணக்கே வேறு, அதில் பழகியவரிடம் கேளுங்கள்.

மிஞ்சிய பூரணத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள், இரவெல்லாம் நீர் விடும். அன்றே மடித்து, மாவு தூவிய தட்டில் தொடாமல் அடுக்கி, கல்லாகும்வரை உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே போட்டு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். உருகினால் மறுபடி அதே சொதசொதப்பு.

இனி இனிப்பு. வான்டன் உறை பிறந்ததே இதற்குத்தானோ என்று தோன்றும் அளவுக்குப் பொரித்தால் கொப்புளம் விட்டு மொறுமொறுவென்று வரும். 20 உறைக்கு இரண்டு வாழைப்பழம், 60 கிராம் கருப்புச் சாக்லேட். பழம் பழுத்திருக்க வேண்டும், குழைந்திருக்கக் கூடாது. கரும்புள்ளி நிறைந்த பழம் உள்ளே கரைந்து நீராகும், மறுபடி அதே தொல்லை. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய துண்டு ஒன்று, அதன்மேல் விரல் நகம் அளவுச் சாக்லேட் ஒன்று, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளே வேண்டாம். கசிந்த சர்க்கரை எண்ணெயில் கருகி, அடுத்து வருவதையெல்லாம் கசக்க வைக்கும். நான்கு விளிம்பிலும் நீர் தடவி முக்கோணமாக மடித்து, துண்டைச் சுற்றி விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். காற்று தங்கினால் பலூன்போல் உப்பி எண்ணெயிலேயே திறந்துவிடும்.

எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் உறையின் ஓரத் துண்டு ஒன்றைப் போடுங்கள். போட்டவுடன் சுற்றிலும் குமிழி எழுந்து மேலே வந்து, சில நொடி கழித்து மெல்ல நிறம் மாறினால் சரி, உடனே பழுப்பானால் சூடு அதிகம். நாலைந்தாகப் போட்டு, திருப்பிவிட்டு, மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் கொஞ்சம் கருக்கும். கம்பி வலைமேல் வடியவிட்டு, பரிமாறும் முன் பொடித்த சர்க்கரை தூவுங்கள். பொரிக்க விருப்பமில்லை என்றால் இருபுறமும் எண்ணெய் தடவி ஓவனில் 190 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம் சுடலாம். கொப்புளம் வராது, பிஸ்கட்போல் உடையும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். பழமே வேண்டாம் என்றால் வறுத்த கருப்பு எள்ளைச் சர்க்கரையோடு பொடித்து, வெண்ணெயில் பிசைந்து, குளிரவைத்து உருட்டி வையுங்கள். சீனாவில் தாங்யுவான் என்ற அரிசிமாவு உருண்டைக்குள் வைக்கும் பூரணம் இது. சர்க்கரை இருப்பதால் இதற்கு மட்டும் ஒட்டுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சாக்லேட் 34 டிகிரியிலேயே உருகிவிடும், வாணலியிலிருந்து வரும்போது அதன் சூடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். மேலே உறை ஆறியதுபோல் தெரிந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்து, ஒன்றைப் பிட்டுப் பார்த்த பிறகு குழந்தைகள் கையில் கொடுங்கள்.